நின்ற தீட்டு மறுபடி வந்தால்...



இந்த மாதம் நாம் பேசப்போவது, வீட்டிற்குள்கூட வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் ஒரு விஷயம். கூச்சத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு இதை வாசியுங்கள். வாசித்த பின் உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் சொல்லுங்கள். கண் தெரியாத பாட்டிமாருக்கு வாசித்தும் காட்டுங்கள்.

எட்டியாந்தோட்டைப் பக்கமோ பலாங்கொடைப் பக்கமோ ஒரு லயத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 58 வயதில் ஓர் அம்மா. இளமை முழுவதும் மலையில் கொழுந்து பறித்தவர். இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார். மாதத்தீட்டு நின்று ஆறு வருஷமாகிவிட்டது. ஒருநாள் காலையில் பார்த்தால் சேலையில் ஒரு சொட்டு இரத்தம். "உடம்புச் சூடு" என்று நினைத்து வெந்தயத்தை ஊறவைத்துக் குடிக்கிறார். இரண்டு கிழமை ஒன்றுமில்லை. மறுபடியும் கறை. பக்கத்துக் காம்பிராவில் இருப்பவர் "பழைய இரத்தம் வெளியேறுது, நல்லதுதான்" என்கிறார். இன்னொருவர் "உனக்கு வயசு திரும்புது போல" என்று கேலி செய்கிறார். அதற்குப் பிறகு அந்த அம்மா யாரிடமும் சொல்வதில்லை. இருட்டிய பிறகு பீலிக்குப் போய்த் துணியை அலசுகிறார். கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் கால்வலி என்று சொல்லி நின்றுகொள்கிறார்.

இப்படி ஓர் அம்மா உங்கள் லயத்திலும் இருக்கலாம். அவருக்கு முதலில் தெரியவேண்டியது இதுதான்: தீட்டு நின்று ஒரு வருஷம் கடந்த பிறகு ஒரு சொட்டு இரத்தம் வந்தாலும் அது தீட்டு அல்ல. அது உடம்பு காட்டும் அடையாளம். அதை வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018ஆம் ஆண்டு ஒரு பெரிய கணக்கெடுப்பு வெளியானது. தீட்டு நின்ற பிறகு இரத்தம் போகும் 100 பெண்களில் ஏறக்குறைய 9 பேருக்கே கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் இருந்தது. மற்றவர்களுக்குச் சவ்வு மெலிந்து போனது, சிறு சதை வளர்ந்தது போன்ற வேறு காரணங்கள். ஆகவே இரத்தம் கண்டதும் "எனக்குப் புற்றுநோய்தான்" என்று இடிந்துபோகத் தேவையில்லை.

அதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். அந்தப் புற்றுநோய் வந்த, தீட்டு நின்ற பெண்கள் 100 பேரில் 90க்கும் மேற்பட்டோருக்கு இரத்தப்போக்கு இருந்தது. அதாவது இந்த நோய் சத்தமில்லாமல் வருவதில்லை. கதவைத் தட்டிவிட்டுத்தான் வருகிறது. தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தவர்களில் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். நோய் கருப்பைக்குள் மட்டும் இருக்கும்போது கண்டுபிடித்தால், 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் ஐந்து வருஷங்களுக்கு மேல் வாழ்கிறார்கள். வெளியே பரவிய பிறகு வந்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4 இலட்சத்து 20 ஆயிரம் பெண்களுக்குக் கருப்பை உடற்பகுதிப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கைப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்களின் வரிசையிலும் இது இருக்கிறது.

உட்சவ்வும் தேயிலைச் செடியும்

கருப்பையின் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. குழந்தை தங்குவதற்கு உடம்பு விரிக்கும் பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் அது வளர்கிறது. கரு தங்காவிட்டால் உதிர்ந்து தீட்டாக வெளியேறுகிறது.

இதை விளங்கிக்கொள்ளத் தேயிலைச் செடியைவிட நல்ல உதாரணம் நமக்கு வேண்டியதில்லை. கொழுந்து பறித்து, காலத்துக்குக் கவ்வாத்தும் வெட்டினால்தான் செடி இடுப்பளவில் நிற்கும். கைவிட்ட மலையில் அதே செடி மரமாக வளர்ந்துவிடும். உட்சவ்வும் அப்படித்தான். ஈஸ்திரஜன் என்ற ஓமோன் அதை வளர்க்கிறது. புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன் அந்த வளர்ச்சியை நிறுத்தி ஒழுங்குபடுத்துகிறது. முதலாவது உரம் போன்றது. இரண்டாவது கவ்வாத்துக் கத்தி போன்றது. கத்தி இல்லாமல் உரம் மட்டும் நீண்டகாலம் விழுந்துகொண்டே இருந்தால் சவ்வு தடிக்கிறது. தடித்த சவ்வின் ஒரு மூலையில் சில கலங்கள் கட்டுமீறிப் பெருகலாம். புற்றுநோயின் ஆரம்பம் அதுதான்.

உடம்பில் கொழுப்புக் கூடியவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருவது ஏன் என்று இப்போது புரியும். தீட்டு நின்று சூலகம் ஓய்ந்த பிறகும் கொழுப்புத் திசு ஈஸ்திரஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். புரோஜெஸ்தரோனோ வருவதில்லை.

கலத்துக்குள் ஒரு பிரட்டுக்களம்

நம் உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. ஒரு கலம் இரண்டாவதற்கு ஒரு சுற்று இருக்கிறது. விஞ்ஞானிகள் அதைக் கல வட்டம் என்கிறார்கள். அதில் நான்கு கட்டங்கள்: ஆயத்தமாவது, பரம்பரைத் தகவலைப் பிரதி எடுப்பது, பிரதியைச் சரிபார்ப்பது, இரண்டாகப் பிரிவது.

இந்தச் சுற்றை நடத்துபவை சில புரதங்கள். அதிகாலையில் பிரட்டுக்களத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் வந்து நிற்கிறார்கள். ஆனால் இன்னாருக்கு இன்ன மலை என்று பேர் கூப்பிட்டால்தான் வேலை தொடங்கும். கலத்துக்குள் பேர் கூப்பிடும் கங்காணிக்குச் சைக்கிளின் என்று பெயர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சைக்கிளின் உண்டு. தன் வேலை முடிந்ததும் அது அழிந்துவிடும், அடுத்தது வரும். "இன்றைக்கு வேலை இல்லை, போ" என்று திருப்பி அனுப்பும் புரதங்களும் இருக்கின்றன. பி27, பி16 என்பவை அப்படிப்பட்டவை. எல்லாவற்றுக்கும் மேலே கணக்குப்பிள்ளை போல ஒருவர்: பி53. செக்ரோலில் பிழை கண்டால் கணக்கை நிறுத்துவது போல, பரம்பரைத் தகவலில் சேதம் கண்டால் பி53 கல வட்டத்தை நிறுத்திவிடும். திருத்த முடிந்தால் திருத்தச் செய்யும். முடியாவிட்டால் அந்தக் கலத்தையே சாகச் சொல்லும்.

இவற்றைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1982ஆம் ஆண்டு கோடைகாலத்தில் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊரில், டிம் ஹண்ட் என்ற பிரித்தானிய விஞ்ஞானி கடல் முள்ளெலியின் முட்டைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். முட்டை இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் ஒரு புரதம் கூடுவதையும் திடீரென்று மறைந்துபோவதையும் கண்டார். அதுதான் சைக்கிளின். பாண் போட உதவும் ஈஸ்ட்டில் இதே கல வட்டத்தை ஆராய்ந்த லீலண்ட் ஹார்ட்வெல், இன்னொரு வகை ஈஸ்ட்டை ஆராய்ந்த போல் நர்ஸ் ஆகியோருடன் சேர்த்து அவருக்கு 2001இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கடல் முட்டையிலும் ஈஸ்ட்டிலும் பார்த்த அதே ஏற்பாடுதான் தோட்டத்து அம்மாவின் கருப்பையிலும் நடக்கிறது.

ஒழுங்கு எங்கே குலைகிறது?

சாதாரண நாளில் ஈஸ்திரஜன் வந்தால் சைக்கிளின் டி1 என்ற கங்காணி கூடும், கலங்கள் பெருகும். புரோஜெஸ்தரோன் வந்தால் பி27 கூடும், பெருக்கம் நிற்கும். பெண்ணுக்கு மாதந்தோறும் நடப்பது இதுதான்.

உட்சவ்வுப் புற்றுநோயில் மிகச் சாதாரணமான வகையில், பீடென் என்ற காவல் புரதம் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் பழுதாகியிருக்கிறது. அது போனால் பி27 தன் வேலையைச் செய்யமுடியாமல் போகும். சைக்கிளின் கை ஓங்கும். நல்ல சவ்வு, தடித்த சவ்வு, புற்றுநோய்ச் சவ்வு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உலகின் பல ஆய்வுகூடங்களில் பார்த்திருக்கிறார்கள். படிப்படியாகச் சைக்கிளின்கள் கூடுவதையும் பி27 குறைவதையும் பல ஆய்வுகள் காட்டின. என்றாலும் எல்லா ஆய்வுகளின் முடிவும் ஒன்றுபோல் அமையவில்லை. ஆகவே சைக்கிளினை மட்டும் அளந்து "நோய் இருக்கிறது", "இல்லை" என்று எந்த வைத்தியரும் சொல்வதில்லை.

கேஐ 67 என்ற இன்னொரு புரதமும் அப்படியே. 1983இல் ஜேர்மனியின் கீல் நகரில் கண்டுபிடித்ததால் ஊரின் பெயரும், சோதனைத் தட்டில் அது இருந்த குழியின் இலக்கமும் சேர்ந்து அதற்குப் பெயராயிற்று. வேலையில் இருக்கும் கலத்தில் அது இருக்கும். ஓய்ந்திருக்கும் கலத்தில் இராது. ஆனால் இளம்பெண்ணின் நல்ல சவ்வும் மாதத்தின் முதற்பாதியில் வேகமாக வளர்வதுதானே! அப்போதும் கேஐ 67 கூடவே தெரியும். யாருடைய சவ்வு, எந்த நேரத்துச் சவ்வு என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

தடித்த சவ்வு எல்லாமே புற்றுநோய் ஆவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1985இல் அமெரிக்காவில் 170 பெண்களைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு புகழ்பெற்றது. சவ்வு இலேசாகத் தடித்து, கலங்களின் உருவம் மாறாமல் இருந்தவர்களில் 100க்கு ஒருவருக்கே பின்னர் புற்றுநோய் வந்தது. சவ்வு நெருக்கமாகத் தடித்து, கலங்களின் உருவமும் கெட்டுப்போயிருந்தவர்களில் 100க்கு 29 பேருக்கு வந்தது. அதனால் முதல் வகையினருக்குப் பெரும்பாலும் புரோஜெஸ்தரோன் வகை மருந்தோ, அந்த மருந்து வைத்த லூப்போ போதும். இரண்டாம் வகையினருக்கு, பிள்ளைப்பேறு முடிந்திருந்தால், கருப்பையை அகற்றச் சொல்கிறார்கள்.

ஒரே இரத்தம், இரண்டு நோய்

இரண்டு அம்மாமாருக்கு ஒரே மாதிரி இரத்தம் போகலாம். ஒருவருக்கு மெதுவாக வளரும் வகை, சத்திரசிகிச்சையோடு முடிந்துவிடும். மற்றவருக்கு வேகமாகப் பரவும் வகை. பின்னால் கதிர்ச் சிகிச்சையும் மருந்தும் வேண்டும். வெளியில் பார்த்துச் சொல்லமுடியாது. இங்கேதான் கணக்குப்பிள்ளையான பி53 உதவுகிறது.

எடுத்த சதைத் துண்டை மெல்லியதாகச் சீவி, பி53ஐத் தேடிப் பிடிக்கும் ஒரு சாயத்தை இடுவார்கள். நல்ல பி53 உள்ள கலங்களில் நிறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியும். ஏறக்குறைய எல்லாக் கலங்களும் கடும் பழுப்பாக இருந்தால் அது பழுது: கெட்டுப்போன பி53 அழியாமல் குவிந்து கிடக்கிறது. ஒரு புற்றுநோய்க் கலத்திலும் நிறமே இல்லாவிட்டால் அதுவும் பழுது: பி53 அங்கே இல்லவே இல்லை. இப்படிப் பி53 கெட்ட புற்றுநோய் வருவது 100 நோயாளிகளில் சுமார் 15 பேருக்குத்தான். ஆனால் இந்த நோயால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அவர்களே.

2013இல் அமெரிக்க விஞ்ஞானிகளின் பெரிய குழு ஒன்று 373 புற்றுநோய்களை ஆராய்ந்து, உட்சவ்வுப் புற்றுநோயை நான்கு வகையாகப் பிரித்தது. பி53 கெட்ட நோயும், மிக நல்ல முறையில் குணமாகும் போல்-ஈ என்ற வகையும் அப்போது தெளிவாகின. 2023இல் பெண்நோயியல் வைத்தியர்களின் சர்வதேச அமைப்பான ஃபிகோ, நோயின் கட்டத்தைக் கணிக்கும்போது இந்தச் சோதனைகளின் முடிவையும், கிடைத்தால், சேர்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. எல்லாச் சோதனைகளும் எல்லா வைத்தியசாலைகளிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இருந்தாலும் "எனக்கு எந்த வகை? அந்தச் சோதனை செய்தார்களா?" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பலரிடம் உள்ள தப்பான எண்ணங்கள்

"போன வருஷம் பெப் பரிசோதனை செய்தேன், ஒன்றுமில்லை என்றார்கள்." பெப் பரிசோதனை கருப்பையின் கழுத்தைப் பார்ப்பதற்கானது. உள்ளே இருக்கும் சவ்வின் நோயை அது பெரும்பாலும் காட்டாது. இரத்தம் வந்தால் பழைய பெப் முடிவை நம்பி இருக்கக்கூடாது.

"பிள்ளை பெறாமலிருக்க ஒப்பரேசன் செய்தாயிற்று, இனிக் கருப்பைக்கு ஒன்றும் வராது." அந்த ஒப்பரேசனில் குழாயை மட்டுமே கட்டுகிறார்கள். கருப்பை அப்படியே இருக்கிறது.

"நான் மெலிந்தவள், ஐந்து பிள்ளை பெற்றவள்." உண்மைதான், உங்களுக்கு ஆபத்துக் குறைவு. ஆனால் பி53 கெட்ட வகை மெலிந்த, வயதான பெண்களுக்கும் வரும்.

"தடுப்பூசி போட்டால் வராது." பாடசாலைகளில் 2017 முதல் பெண் பிள்ளைகளுக்குப் போடும் ஊசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கானது. அதைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் உட்சவ்வுப் புற்றுநோய்க்கு அது காவல் அல்ல.

கூடுதல் கவனம் வேண்டியவர்கள் யார்? உடம்பு பருத்தவர்கள், சீனி வியாதி உள்ளவர்கள், பிள்ளை பெறாதவர்கள், 55 வயதுக்குப் பிறகும் தீட்டு நிற்காதவர்கள், மார்பகப் புற்றுநோய்க்குத் தமொக்சிபன் மாத்திரை குடிப்பவர்கள், இரத்த உறவினரில் பலருக்குக் குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்தவர்கள். தீட்டு நிற்காத வயதிலும் இடையிடையே இரத்தம் போனால், கட்டிகட்டியாகப் போனால், 45 வயதுக்குப் பிறகு தீட்டு அதிகமானால் காட்ட வேண்டும்.

எங்கே போவது, என்ன நடக்கும்?

முதலில் உங்கள் பிரிவின் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். சிங்களத்தில் சுவநாரி என்பார்கள். 1996 முதல் நாட்டில் நடக்கும் இந்தக் கிளினிக்கில் சீனி, பிரஷர், மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பார்ப்பார்கள். இரத்தப்போக்கு என்று சொன்னால் பெண்நோயியல் விசேட வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். இரத்தினபுரி, கேகாலை பெரிய வைத்தியசாலைகளில் அந்த நிபுணர்கள் இருக்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்குப் பணம் கேட்பதில்லை.

அங்கே ஸ்கேன் செய்து சவ்வின் தடிப்பை அளப்பார்கள். தீட்டு நின்றவருக்கு அது 4 மில்லிமீற்றருக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. கூடினால் மெல்லிய குழாயால் சவ்வில் ஒரு சிறு துண்டு எடுப்பார்கள். இதுதான் பயொப்சி. தீட்டு வலி போலக் கொஞ்சம் வலிக்கும். "துண்டு எடுத்தால் புற்றுநோய் பரவும்" என்று சொல்வதை நம்பாதீர்கள். அந்தத் துண்டு இல்லாமல் பி53உம் இல்லை, வகையும் இல்லை, சரியான சிகிச்சையும் இல்லை. முடிவு வந்துவிட்டதா என்று கேட்க மறுபடி போக மறக்காதீர்கள். புற்றுநோய் என்று வந்தால் தொடர்ந்த சிகிச்சைக்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அனுப்பக்கூடும்.

சிங்களத்தில் பேசவேண்டுமே என்று தயங்குகிறவர்கள் இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்யுங்கள்: "ஒசப்வீம நெவதுனாட்ட பஸ்ஸே ஆயெத் லே யனவா." தீட்டு நின்ற பிறகு மறுபடி இரத்தம் போகிறது என்று அர்த்தம். முடியாவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டுபோய் அந்த வரியைக் காட்டி, கூடப் போகிறவரைச் சொல்லச் சொல்லுங்கள். தீட்டு எந்த வருஷம் நின்றது, இரத்தம் முதலில் எப்போது வந்தது, என்னென்ன மாத்திரை குடிக்கிறீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு

ஒருநாள் கிளினிக்குக்குப் போனால் ஒருநாள் பேர் போய்விடும். பஸ்ஸுக்கும் காசு வேண்டும். இதனால்தான் நம் பெண்கள் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்கிறார்கள். கணவன்மாரும் மகன்மாரும் இதைக் கேளுங்கள். ஒருநாள் பேரைப் பார்த்து ஆறு மாதம் தள்ளிப்போட்டால், கருப்பைக்குள் இருந்த நோய் வெளியே வந்துவிடலாம். அதன்பிறகு போகும் பேருக்குக் கணக்கே இராது. மருமகள்மாரே, மாமி இருட்டில் துணி அலசுவதைக் கண்டால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். "மாமி, நானும் கூட வாறேன், நாளைக்குப் போய்க் காட்டுவோம்" என்று சொல்லுங்கள். கூட ஓர் ஆள் வந்தால் பாதிப் பயம் போய்விடும்.

கலத்துக்குள் காவல் செய்யும் புரதங்களைப் பற்றி விஞ்ஞானம் எவ்வளவோ கண்டுபிடித்துவிட்டது. ஆனால் எவ்வளவு நல்ல சோதனையும், துண்டு ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பயன் தரும். அந்தத் துண்டு போய்ச் சேர, முதலில் ஓர் அம்மா வாய் திறந்து சொல்ல வேண்டும். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டு மூத்த பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, உங்களுக்கு நின்ற பிறகு எப்போதாவது இரத்தம் பட்டதா?"